மழைக்காலக் கழிவு

லிந்துலை
2023 மார்ச் 12

மகள் சுதர்ஷினிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் சுந்தரலிங்கம் முதலாளியின் கடையில் ஒன்றாகக் கிடைத்தன. போனில் பேசினால் என்ன என்று கேட்டிருக்கிறாய். எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு உள்ள சுவர் கூரை வரை ஏறவில்லை. நான் இங்கே இருமினால் ஐந்தாவது வீட்டில் யாருக்குச் சளி என்று விசாரிக்கிறார்கள். கேஷிகாவின் நோயின் பெயரை இந்த வீட்டுக்குள் நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. தோட்டத்து ஒஃபிசுக்கு வரும் கடிதமும் நாலு கை மாறித்தான் என்னிடம் வரும். அதனால்தான் கடை முகவரி கொடுத்தேன். இதைக் கோழைத்தனம் என்று நீ சொன்னால் மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பெப்ரவரியில் என் மருமகள், உன் அக்கா பரிமளத்தின் திவசத்துக்கு வந்தபோது, டிசம்பர் விடுமுறைக்குள் பிள்ளை இருபது கிலோவைத் தொடாவிட்டால் கொழும்புக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாய். நான் தலையசைத்தேன். தலையசைப்பு எனக்குச் சுலபமாக வரும். தாயும் தகப்பனும் இல்லாத பத்து வயதுப் பேத்தியை வளர்க்க எழுபத்து நான்கு வயதுக் கிழவனைவிடச் சித்திதான் பொருத்தம் என்று எனக்கே பாதி நேரம் தோன்றுகிறது. மீதி நேரம் தோன்றுவதை எழுதத் தெரியவில்லை.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் அவளைக் கொழுந்து மடுவத்துக்கு அழைத்துப் போகிறேன். நாற்பது வருடம் கணக்கப்பிள்ளையாக நான் கொழுந்து நிறுத்த அதே கொட்டகை. இப்போதைய கணக்கப்பிள்ளை கஜேந்திரன் கேள்வி கேட்காமல் சாவியைத் தருகிறார். கேஷிகா கொழுந்துச் சாக்குக்குள் ஏறி உட்காருவாள். நான் சாக்கைத் தராசின் கொக்கியில் மாட்டுவேன். இன்று பனிமூட்டம் மடுவத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கொக்கியும் சங்கிலியும் மறைந்து, சாக்கு மட்டும் அந்தரத்தில் நின்றது. உள்ளே இருந்து, “தாத்தா, கீழ நீங்க இருக்கீங்களா?” என்று கேட்டாள். இருக்கிறேன் என்றேன். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கக் கண்ணாடியை இரண்டு முறை துடைக்க வேண்டியிருந்தது.

கழிவு போகப் பதினேழரை. போன மாதமும் பதினேழரைதான். கூட்டி எழுதியிருந்தால் உனக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் எனக்கு அது வராது.

மாத்திரையை மாலை ஏழு மணிக்குத் தவறாமல் தருகிறேன். அது எதற்கு என்று அவள் கேட்டபோது, வளர்வதற்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

செல்லசாமி


வத்தளை
ஏப்ரல் 2

மாமாவுக்கு,

உங்கள் பதினேழரையை ஆலையில் தேநீர் இடைவேளையில் படித்தேன். அதற்குப் பிறகு நான் தைத்த நாலு கொலரும் கோணல். மேற்பார்வை செய்யும் கிருஷாந்தி, “யாருடி செத்தது?” என்று கேட்டாள். யாரும் சாகவில்லை, யாரோ வளரவில்லை என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். பாருங்கள், இங்கே சுவர் கூரை வரை இருக்கிறது, நானும் சொல்லவில்லை.

எங்கள் போர்டிங்காரம்மாவின் மகளுக்கும் பத்து வயதுதான். என் தோள் உயரம் நிற்கிறாள். கேஷிகா என் இடுப்புக்கு வருகிறாள். அந்தப் பிள்ளை என் அறைக்குள் ஓடி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அவள் என்ன செய்தாள் பாவம்.

கொரோனா மட்டும் வராமல் இருந்திருந்தால் அக்கா செத்த அந்த மாதமே பிள்ளையின் இரத்தத்தைப் பார்த்திருப்பார்கள். 2020 பெப்ரவரிக்கும் 2021 ஓகஸ்டுக்கும் நடுவில் ஒன்றரை வருடம். மருந்தில்லாமல் அந்த நோய் அவளைத் தின்ற ஒன்றரை வருடம். பாதையை மூடிவிட்டார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள். ஆனால் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் நேராகக் கேளுங்கள். இந்த மருந்து பிள்ளையை வளர்க்குமா, வளர்க்காதா? நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தாளில் எழுதிக்கொண்டு போய்க் கையில் கொடுங்கள்.

நான் ஒரு சின்னக் கட்டில் வாங்கிவிட்டேன். அவசரம்தான்.

சுதர்ஷினி


லிந்துலை
மே 7

மகள் சுதர்ஷினிக்கு,

நீ சொன்னபடி எழுதிக்கொண்டு போனேன். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு நுவரெலியாக் கிளினிக்கில், என் முறை வந்ததும் தாளைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டொக்டர் அம்மா சிங்களவர். எனக்காக மெதுவாகப் பேசினார். நர்ஸ் மிஸ் விட்ட இடங்களைத் தமிழில் சொன்னார். நினைவிலிருந்து எழுதுகிறேன், பிழை இருக்கலாம்.

மருந்து நேரடியாக வளர்ப்பதில்லையாம். உடம்புக்குள் போகும் சோற்றை எல்லாம் நோயோடு சண்டை போடுவதற்கே அந்தப் பிள்ளையின் உடம்பு செலவழித்துக்கொண்டிருந்தது. மருந்து நோயை அடக்கியதும் அந்தச் செலவு நிற்கிறது. அப்போது முதலில் எடை ஏறும். உயரம் பிறகுதான், மெதுவாக, எலும்புக்கு நம்பிக்கை வந்த பிறகு. நம்பிக்கை என்ற சொல் நர்ஸ் மிஸ் போட்டது என்று நினைக்கிறேன். சின்ன வயதிலேயே மருந்து தொடங்கிய பிள்ளைகள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவார்கள். தாமதமாகத் தொடங்கியவர்கள் வளர்வார்கள், ஆனால் கொஞ்சம் குள்ளமாகவே நின்றுவிடலாம். பெரியவளாவதும் பிந்தலாம். கேஷிகாவுக்கு எட்டு வயதில் தொடங்கியது தாமதம்தான் என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

இரத்தத்தில் கிருமி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கியிருக்கிறதாம். அவர்கள் தராசில் பத்தொன்பது கிலோ இருநூறு. “பய வெண்ட எப்பா, சீயா” என்று என் கையைத் தட்டினார். பயப்பட வேண்டாம், தாத்தா. ஆனால் அவர்கள் சப்பாத்தும் சுவெட்டருமாக நிறுக்கிறார்கள், காலையில் ரொட்டி தின்ற வயிற்றோடு. கிழவனுக்கு ஆறுதல் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஏப்ரலில் என் தராசில் அதே பதினேழரை.

வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நானுஓயா தாண்டியதும் மூட்டம் கண்ணாடியை மூடிவிட்டது. அதில் விரலால் ஒரு கோடு போட்டாள், அதற்கு மேலே இன்னொன்று, அதற்கு மேலே இன்னொன்று. பிறகு என்னைக் கேட்டாள், “தாத்தா, எனக்குப் பத்து வயசுன்னு மாத்திரைக்குத் தெரியாதா?”

தெரியும் என்றேன். எல்லாக் கோடுகளும் தண்ணீராக ஒழுகிப் போகும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லசாமி


லிந்துலை
ஜூன் 18

மகள் சுதர்ஷினிக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். கேஷிகா பதினொரு நாளாக மாத்திரையை விழுங்கவில்லை.

நான் கையில் கொடுப்பேன், அவள் வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பாள். நான் போத்தலை மூடி வைக்கத் திரும்பும் நேரம் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அவளுடைய பென்சில் பெட்டியில் ரப்பரைத் தேடினேன். மாத்திரைகள் பாதி கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளைக் கட்டியாக இருந்தன. எறிந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஏன் எறியவில்லை என்று தெரியவில்லை.

நான் அதட்டவில்லை, அதட்டவும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே மழை தகரத்தில் இடித்துக்கொண்டிருந்ததால் அன்றைக்கு யாருக்கும் கேட்காது என்ற தைரியம் இருவருக்கும் இருந்தது. அவள்தான் முதலில் பேசினாள்.

“நீங்கதானே சொன்னீங்க வளர்ற மாத்திரைன்னு. ஒவ்வொரு மாசமும் நிறுத்துட்டுப் பதினேழரைங்கிறீங்க. இந்த மாசமும் பதினேழரை. அப்ப அது பொய் மாத்திரை.”

மறுநாளே கிளினிக்குக்குப் போனோம். இரத்தம் எடுத்தார்கள். பதினொரு நாள் என்பது விளையாட்டில்லை என்றும், உடனே கண்டுபிடித்தது நல்லது என்றும் சொன்னார்கள். இப்போது அவள் விழுங்கும்வரை நான் முன்னால் நிற்கிறேன். விழுங்குகிறாள். ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அன்று மதியம் கதிரையிலேயே தூங்கிவிட்டேன். சாக்கு கொக்கியை விட்டுக் கழன்று தேயிலை மலைக்கு மேலே மிதந்து போவதாகக் கனவு. நான் கீழே கையில் எடைப் புத்தகத்தோடு ஓடுகிறேன். எடை என்ன, எடை என்ன என்று கேட்கிறேனே தவிர, பிள்ளையைக் கூப்பிடவில்லை.

டிசம்பர் வரை பொறுக்க வேண்டாம். வந்து அழைத்துப் போ. அங்கே உள்ள கிளினிக்கில் காட்ட என் புத்தகத்தை அப்படியே பிரதியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மாதம், மொத்தம், கழிவு, நிகரம் என்று நாலு நிரல்கள். கிளினிக் எடைகளை ஓரத்தில் சிவப்பில் எழுதியிருக்கிறேன்.

செல்லசாமி


வத்தளை
ஜூலை 2

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு அந்தப் பிரதியை எடுத்துப் பார்த்தேன், அழுகை நின்றுவிட்டது.

பெப்ரவரி மொத்தம் பதினெட்டரை, கழிவு ஒன்று. மார்ச் பத்தொன்பது, கழிவு ஒன்றரை. ஏப்ரல் பத்தொன்பதரை, கழிவு இரண்டு. மே இருபது, கழிவு இரண்டரை. ஜூன் இருபதரை, கழிவு மூன்று.

மாமா, இது என்ன கழிவு?

எனக்குத் தெரியும். தோட்டத்தில் பிறந்தவள் நான். என் அம்மா பேச்சியம்மா உங்கள் தராசின் முன்னால் இருபத்தாறு வருடம் வரிசையில் நின்றவள். சாக்குக்கு ஒரு கிலோ, மழை தொடங்கினால் ஈரத்துக்கு ஒன்றரை, இரண்டு, அடைமழையில் மூன்று. வீட்டுக்கு வந்து காலில் அட்டைக்கு உப்புத் தேய்த்துக்கொண்டே, “இன்னைக்கும் கணக்கப்புள்ள மூணு கிலோ தின்னுட்டாருடி, செரிச்சிருக்கும்” என்று சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம். சம்பந்தம் பேச நீங்கள் வீட்டுக்கு வந்த அன்றுகூட அம்மா உங்களுக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படியில் அதையேதான் சொன்னாள்.

மழை ஏற ஏறப் பிள்ளையும் ஏறியிருக்கிறாள். நீங்கள் மழையைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். ஒரு சுவெட்டருக்கு மூன்று கிலோ தண்ணீரா பிடிக்கும்? அவள் என்ன கொழுந்தா?

இதை நான் எழுதாமல் இருந்திருக்கலாம். வந்து அழைத்துப் போ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கட்டில் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பேசியாகிவிட்டது. ஒரு இரவு முழுக்க அதையும் யோசித்தேன். ஆனால் அந்தப் பிள்ளை தன் மாத்திரையைப் பொய் என்று நினைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வர வேண்டாம்.

முதலில் அவளிடம் சொல்லுங்கள். என்னிடம் மன்னிப்பு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

சுதர்ஷினி


லிந்துலை
ஜூலை 16

மகள் சுதர்ஷினிக்கு,

உன் கடிதத்தைக் கடை வாசலிலேயே நின்று வாசித்தேன். முதலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

நான் கழிக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. அதாவது, எழுதியது என் கைதான், நிரலும் நான் போட்டதுதான், ஆனால் அதை ஒரு முடிவாக நான் எடுக்கவில்லை. மழை பெய்தால் கை தானாக எழுதிவிடுகிறது. உன் அம்மாவின் கொழுந்திலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தகுதி இல்லை.

சென்ற ஞாயிறு சாக்கைத் தனியாகவும் சுவெட்டரைத் தனியாகவும் நிறுத்தேன். இரண்டும் சேர்ந்து அரைக் கிலோ. பிறகு கேஷிகாவிடம் புத்தகத்தைக் கொடுத்து, தாத்தா தப்பாக எழுதிவிட்டேன், நீயே முள்ளைப் பார்த்து எழுது என்றேன். சாக்கிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். இருபத்தொன்று. அரை போக இருபதரை. பழைய மாதங்களையும் அவளே திருத்தினாள். எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, “அப்ப நான் வளந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கேன், உங்களுக்குத்தான் தெரியல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது வளர்கிற மாத்திரை அல்ல, இரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது, அதைத் தூங்க வைக்கிற மாத்திரை, அது தூங்கினால்தான் நீ வளர முடியும் என்றும் சொன்னேன். நர்ஸ் மிஸ் சொல்லித் தந்த சொற்கள். நோயின் பெயரைக் கிளினிக்கில் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்கள்.

புதன்கிழமை கிளினிக்கில் இருபது கிலோ நானூறு. இருபதைத் தாண்டியதால் இனிப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையில் ஒன்று. ஜூனில் எடுத்த அந்த இரத்தத்திலும் கெடுதி எதுவும் தெரியவில்லை.

இங்கே நிறுத்திக்கொண்டால் நீ என்னைப் பற்றி நல்லபடியாக நினைப்பாய். இருபதைத் தொட்டாயிற்று, பிள்ளை என்னிடம் இருப்பாள். ஆனால் உனக்குச் சாதகமான ஒன்றை விட்டுக்கொடுத்து நீ உண்மையை எழுதினாய். அதன் பிறகு நான் ஒளிந்திருக்க முடியவில்லை.

கொரோனாவால் தாமதமாகவில்லை. பரிமளம் இறந்த வாரமே நர்ஸ் ஒருவர் பிள்ளையைச் சோதிக்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார். பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பாதைகளை மூடினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு திறந்தார்கள். மறுபடி மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். திறந்திருந்த நாட்களில் நான் போகவில்லை. சந்தியில் பஸ் ஏறினால் எங்கே என்று கேட்பார்கள், கிளினிக் வாசலில் யாராவது பார்ப்பார்கள், லயத்தில் பிள்ளையோடு யாரும் விளையாட விடமாட்டார்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். ஓகஸ்டில் அவளுக்குக் காய்ச்சல் வந்து இறங்காதபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவள் கொஞ்சம் குள்ளமாகவே நின்றுவிட்டால் அந்தக் கொஞ்சம் நான்தான். திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாய்.

செல்லசாமி


வத்தளை
செப்டம்பர் 24

மாமாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். சில தாளில் நீங்கள் கேட்ட திட்டெல்லாம் இருந்தது. சிலவற்றில் ‘பரவாயில்லை’ என்று எழுதிப் பார்த்தேன். அது பொய், அதையும் கிழித்தேன். பரவாயில்லை என்று நான் என்றைக்கும் சொல்ல மாட்டேன். எதிர்பார்க்காதீர்கள்.

ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயிலேறி வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவே கோட்டை ஸ்டேஷன் வரை போய்விட்டேன். டிக்கட் வரிசையில் நிற்கும்போது போன் அடித்தது. சுந்தரலிங்கம் முதலாளியின் இலக்கம். கேஷிகா. நான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. குரலைத் தாழ்த்தி, “சித்தி, நாங்க இன்னைக்கு ரெண்டு பேரையும் நிறுத்தோம். தாத்தா நாலு கிலோ கொறஞ்சிட்டாரு. கழிவெல்லாம் இல்ல, நான்தான் முள்ளப் பாத்தேன். அவருக்கு என்ன மாத்திர குடுக்கணும்?” என்றாள்.

சோறு கொடு என்றேன். வரிசையிலிருந்து விலகி வெளியே வந்துவிட்டேன். அவள் உங்களை நிறுத்துப் பார்க்கிறாள் என்றால் அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றியது. உங்களுக்காக இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. உங்களுக்கு எழுபத்து நாலு. ஒரு மாலை நீங்கள் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஏழு மணிக்கு அந்த மாத்திரையை யார் கொடுப்பார்கள்? நான் இங்கிருந்து வர எட்டு மணி நேரம். அந்த மலையில் உங்களைத் தவிர இன்னும் ஒரு ஆளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். யார் என்பது உங்கள் விருப்பம், டொக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். தாளில் எழுதிக் கொடுப்பது செல்லாது.

ஒக்டோபர் முடிவதற்குள் சொல்லிவிட்டால் பிள்ளை உங்களிடம். இல்லாவிட்டால் நவம்பர் முதலாம் திகதி நான் வருகிறேன். அந்த ஒன்றரை வருடம் பயந்தீர்களே, அதே பயத்தோடு இன்னொரு முறை அவளை விட்டுவைக்க என்னால் முடியாது.

சாப்பிடுங்கள்.

சுதர்ஷினி


லிந்துலை
ஒக்டோபர் 15

மகள் சுதர்ஷினிக்கு,

யாரிடம் சொல்வது என்று யோசிக்கவே பத்து நாள் போயிற்று. கேஷிகாவின் வகுப்பு ஆசிரியை ஷாமிலா பள்ளிக்கூடக் குவாட்டர்சில் தனியாக இருக்கிறார். எங்கள் லயத்திலிருந்து கால் மணி நேர நடை. அதிகம் பேசாத பிள்ளை. கிளினிக்கில் கேட்டேன், நம்பிக்கையானவர் என்றால் சொல்லலாம் என்றார்கள். கேஷிகாவையும் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, “டீச்சர்னா சரி” என்றாள்.

திங்கட்கிழமை கேட் வரை போய்த் திரும்பினேன். செவ்வாய் மழை. மழை என்பது காரணமில்லை என்று எனக்கே தெரியும், ஆனாலும் திரும்பினேன். வியாழன் கேட்டைத் திறந்து உள்ளே போய், உருளைக்கிழங்கு பாத்தியைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தேன். டீச்சர் எனக்கு இரண்டு கிழங்கு கொடுத்து அனுப்பினார். அதைக் கேஷிகாவுக்கு அவித்துக் கொடுத்தேன். எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை.

நேற்றுப் பிற்பகல் மறுபடி போனேன். மூட்டம் இறங்கிப் பள்ளிக்கூடம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சுற்றிலும் வெள்ளை. அதற்குள் நடந்தபோது, யாருமே இல்லாத ஒரு இடத்தில்தான் இதைச் சொல்லப் போகிறேன் என்று ஒரு மயக்கம் இருந்தது. அதுதான் என்னைக் கதவு வரை கொண்டுபோனது என்று நினைக்கிறேன்.

டீச்சர் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று நின்றுகொண்டேன். பிறகு சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன். பிறந்ததிலிருந்தே இருக்கிறது, தாய் வழியாக வந்தது, மருந்தில் அடங்கியிருக்கிறது, தொட்டால் வராது, கூட இருந்து சாப்பிட்டால் வராது என்று எல்லாவற்றையும் வரிசை தப்பிச் சொன்னேன். எனக்கு ஏதாவது நேர்ந்தால் மாலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரை கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றேன். என் குரல் பெரிதாகக் கேட்டது. அத்தனை வருடம் உள்ளே வைத்திருந்த பெயர், வெளியே வந்ததும் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

டீச்சர் பேனாவை மூடினார். அவர் எழுந்து கதவைத் திறந்து விடுவார், அல்லது அழுவார், அல்லது மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பார். மூன்றுக்கும் வழி முழுவதும் பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா, ஐயா?”

அதற்கு நான் பதில் தயாரித்திருக்கவில்லை. எப்போது கொடுத்தாலும் சரி, ஏழு மணி மட்டும் தவறக் கூடாது என்றேன்.

செல்லசாமி